ஹர்ஷினியின் காலில் ஓடிய கோடு

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில், என் மகளின் பாதத்தில் நீல நிற பால்பாயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். திருஷ்டிக்கு இல்லை. அளவெடுக்க!

ஹர்ஷினிக்கு ஆறு வயது. வலது பாதத்தின் ஓரத்தில், சுண்டு விரலுக்குக் கீழே, சிவப்பாக ஒரு கோடு. தையல் நூல் தடிமன்தான் இருக்கும். நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போனது. "அரிக்குதும்மா" என்று ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தாள். கோடு முடிகிற இடத்தில்தான் புள்ளி வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை எழுந்து பார்த்தால்... கோடு புள்ளியைத் தாண்டி அரை விரற்கடை போயிருந்தது.

உங்கள் குழந்தையின் தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று நகர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? டாக்டரிடம் ஓடுவீர்கள். நான் முதலில் என் ஓரகத்தியுடன் சண்டைக்குப் போனேன்.

ஏன் என்று சொல்லவேண்டும். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் ஜாதகம் அத்துப்படி. புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக — நான் அனுப்பம்பட்டுக்காரி. வாழ்க்கைப்பட்டது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில். வேலை மீஞ்சூரில். காலை ஆறே முக்காலுக்கு பஸ், பொன்னேரியில் இறங்கி ரயில், சாயந்திரம் அதே மாதிரி திரும்பி வந்து சேர ஏழாகிவிடும். நடுவில் இருக்கிற பன்னிரண்டு மணி நேரமும் ஹர்ஷினி, பக்கத்து வீட்டில் இருக்கும் சுகந்தியிடம் இருக்கிறாள். சுகந்தி என் கொழுந்தன் பெண்டாட்டி. அவளுடைய ஒரே மகன் ஹாஸ்டலில் படிக்கிறான்.

'ஆஹா, எவ்வளவு வசதி, கொடுத்து வைத்தவள்' என்கிறீர்களா? அதேதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

ஆமாம், பொறாமைதான். கொஞ்சநஞ்சம் இல்லை. சுகந்தி பின்னிவிட்ட சடை ராத்திரி வரைக்கும் அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் பின்னினால் பத்து மணிக்கு அவிழ்ந்துவிடும். சுகந்தி நண்டை உடைத்துச் சதையை எடுத்துக் கொடுத்தால் என் மகள் ரெண்டு தட்டு சோறு சாப்பிடுவாள். நான் ரயிலடிப் பக்கத்து ஆள், எனக்கு நண்டைப் பிடிக்கவே பயம். பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொன்னார்கள். ஹர்ஷினி வரைந்தாள் — நைனா, சித்தி, படகு, நாய். "நான் எங்கேடி?" என்றேன். மூலையில் ஒரு பச்சைப் பெட்டியைக் காட்டி, "நீ பஸ்ஸுல கீறம்மா" என்றாள்!

இதற்கு மேல் பொறாமைப்படாமல் இருக்க நான் என்ன சாமியாரா?

படத்தில் எனக்குக் கிடைக்காத இடத்தைப் பிடித்த அந்த நாயின் பெயர் சுறா. சுகந்தி குட்டியாக எடுத்து வளர்த்தது. ஹர்ஷினியோடு பள்ளிக்கூடம் வரைக்கும் போகும், மணி அடிக்கிற நேரத்துக்கு வாசலில் போய் உட்காரும். குப்பத்துக்கே செல்லம்.

எனக்கு என்று இருந்தது பட்டு. பட்டு என் பூனை. வெள்ளை உடம்பு, வாலில் மட்டும் கறுப்பு. நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து காலைச் சுற்றும். 'எங்கள் பட்டு மாதிரி சுத்தமான பிராணி உலகத்திலேயே கிடையாது. வெளிக்குப் போனால்கூட மண்ணைத் தோண்டிப் போய், மூடிவிட்டுத்தான் வரும். நாய் மாதிரி நடு வழியிலா வைக்கும்?' என்று சுகந்தி காதில் விழும்படி அடிக்கடி சொல்வேன்.

சரி, சண்டைக்கு வருகிறேன். கோட்டைப் பார்த்ததும் சுகந்திக்குச் சந்தேகமே வரவில்லை.

"சொறி பட்ருக்குதுக்கா. சனிக்கிழம கரைல வலை இழுக்கறப்ப புள்ள தண்ணில நின்னுனு இருந்துது."

சொறி என்றால் அந்த வழுவழு ஜெல்லி மீன். அதன் நூல் உடம்பில் பட்டால் சிவப்பாகக் கோடு கோடாக எழும்பும். எங்கள் குப்பத்தில் அந்தக் கோடு விழாத ஆம்பளை கால் கிடையாது. அதனால் யார் தோலில் சிவப்பாகக் கோடு தெரிந்தாலும் இங்கே எல்லாரும் சொறி என்றுதான் சொல்வார்கள். சுகந்தி சுண்ணாம்பைக் குழைத்துத் தடவினாள். மூன்று நாளில் போய்விடும் என்றாள். என் வீட்டுக்காரர் அதையே சொன்னார். இருபது வருஷமாகக் கடல்தொழில் பார்க்கிறவர் சொன்னால் நம்ப மாட்டோமா?

"சொறி பட்ட கோடு எங்கயாவது நடக்குமா? பேனா புள்ளியத் தாண்டிப் போயிருக்குது பாரு" என்றேன் செவ்வாய்க்கிழமை.

"நீ புள்ளிய தப்பா வெச்சிருப்ப" என்றாள் சுகந்தி.

விடுவேனா? புள்ளயக்கூட ஒழுங்காகப் பார்த்துக்கத் தெரியாது, தண்ணியில் யார் இறக்கிவிடச் சொன்னது, அது இது என்று ஒரு பாட்டம் கத்திவிட்டு பஸ்ஸைத் தவறவிட்டேன். புதன்கிழமை கோடு ஒரு வளையம் போட்டுத் திரும்பியிருந்தது. குழந்தை சொறிந்து சொறிந்து தோல் புண்ணாகிவிட்டது. வியாழக்கிழமை லீவ் போட்டு பொன்னேரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

தோல் டாக்டர் பெரியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாதத்தை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை, சிரித்துவிட்டார்.

"கொக்கிப்புழும்மா. நாய், பூனை குடல்ல இருக்கும். அதோட முட்டை கழிவோட மண்ணுல விழும். ஈர மண்ணா, நிழலா இருந்தா பொரிஞ்சு புழுவாயிடும். கண்ணுக்குத் தெரியாது. வெறுங்காலோட நின்னா தோல் வழியா ஏறிடும். ஆனா மனுஷன் உடம்பு அதுக்கு ஒத்துக்காது. உள்ள போக வழி தெரியாம, தோலுக்கு அடியிலயே சுத்தி வரும். அதான் கோடு."

"ஏதாவது ஆபத்தா டாக்டர்?"

"இதுக்கு மாத்திரை இருக்கு, சரியாயிடும். ஆனா இது ஒண்ணுதான்னு நினைக்காதீங்க. இன்னொரு ஜாதிப் புழு இருக்கு. அதோட முட்டை மண்ணுலேர்ந்து கைக்கு வந்து, கையிலேர்ந்து வாய்க்குப் போச்சுன்னா, சின்னப் பசங்களுக்குக் கண்ணு வரைக்கும் போகும். பார்வையே கெட்டுப்போனதும் உண்டு. இவ விளையாடற மண்ணு எதுன்னு பாத்து முதல்ல அதை நிறுத்துங்க. இல்லன்னா நான் மாத்திரை குடுத்துட்டே இருக்கணும்."

டாக்டர் சொன்னதைத் திரும்பவும் படியுங்கள். 'நாய், பூனை' என்றார். ரெண்டையும் சேர்த்துத்தான் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஆனால் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது என் மனசுக்குள் ஒரே ஒரு பிராணிதான் ஓடிக்கொண்டிருந்தது. சுறா! குழந்தை காலில் புழு ஏறியிருக்கிறது, தாய்க்காரி நான்... சந்தோஷப்பட்டேன். மாட்டினாள் சுகந்தி என்று சந்தோஷப்பட்டேன். எழுதவே கை கூசுகிறது. ஆனால் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

வெள்ளிக்கிழமை காலை குழாயடி. எங்கள் குப்பத்தில் ஒரு செய்தியைப் பரப்ப வாட்ஸப் வேண்டாம், குடத்தோடு போய் வரிசையில் நின்றால் போதும்.

"இன்னா சொன்னாரு டாக்டரு?" என்றாள் முன்னால் நின்றவள்.

"நாய்ப் புழுவாம். நாய் கழிவுலேர்ந்து மண்ணுக்கு வந்து கால்ல ஏறிடுதாம். கண்ணுகூடப் போய்டுமாம்."

ஒரு சொல்லை விட்டுவிட்டேன். ஒரே ஒரு சொல்தானே? நான் பொய் சொல்லவில்லையே? இப்படித்தான் எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டேன். பொறாமைக்காரர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. பாதி உண்மையிலேயே எங்கள் வேலை முடிந்துவிடும்.

சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. புள்ளைங்க கண் விஷயம் இல்லையா? யார் சும்மா இருப்பார்கள்? பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை என் கொழுந்தன் வேலுவுக்குப் பாடு, அதாவது ஏரியில் வலை போட அவனுடைய முறை. போகிற வழியில் சுறாவைப் படகில் ஏற்றி, அக்கரைத் தீவில் விட்டுவிட்டு வரட்டும் என்று முடிவாயிற்று. அங்கே குடிக்க நல்ல தண்ணிகூடக் கிடையாது. எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஹர்ஷினி சுகந்தி வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகாமல் அவளோடு உட்கார்ந்தார். "அவ மேல இருக்கிற கோவத்த ஏண்டி நாய் மேல காட்ற?" என்றார். "உங்க பொண்ணு கண்ணு போனா பரவால்லயா?" என்றேன். அதற்கு மேல் எந்த அப்பன் பேசுவான்?

சனிக்கிழமை காலை சுகந்தி எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் சுறாவின் சங்கிலி. இன்னொரு கையில் ஒரு சின்ன டப்பா. கண் வீங்கியிருந்தது.

"மாட்டாஸ்பத்திரிக்குப் போறேன்க்கா. நீயும் வா. புள்ளயயும் இட்டுனு வா. டாக்டரம்மா இன்னா சொல்றாங்களோ உன் காதால கேட்டுக்க. நாய்தான்னு சொன்னாங்கன்னா நானே படகுல ஏத்தி வுடறேன்."

ஒரு ஷேர் ஆட்டோவில் நான், அவள், ஹர்ஷினி, சுறா. நாய் என் காலின் மேல்தான் படுத்துக்கொண்டது.

கால்நடை டாக்டரம்மா என்னைவிடச் சின்னப் பெண். டப்பாவில் இருந்த சுறாவின் கழிவை உள்ளே கொண்டுபோய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அதற்குள் சுகந்தி ஒரு கசங்கிய அட்டையை மேஜைமேல் வைத்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தவறாமல், குடற்புழு மாத்திரை கொடுத்த தேதிகள். குட்டியாக இருந்ததிலிருந்து! சொந்தக் குழந்தைக்கு நான் அப்படி ஓர் அட்டை வைத்திருந்தேனா என்று யோசித்தேன். தடுப்பூசி அட்டை இருக்கிறது — அதுவும் சுகந்தி வீட்டுப் பீரோவில். அந்த நேரத்திலும் எரிந்தது.

டாக்டரம்மா வெளியே வந்தார். "முட்டை ஒண்ணும் தெரியல. ஒரு தடவை பாத்துட்டு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இவ்ளோ ஒழுங்கா மாத்திரை போட்ட நாய் மேல எனக்குச் சந்தேகம் இல்ல. பாப்பா எங்க விளையாடும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹர்ஷினி சொன்னாள். "சித்தி வூட்டாண்ட சிமென்ட்டு. அங்க மண்ணே கெடையாது. எங்க வூட்டுப் பின்னால மண்ணு மேடு கீது. ஞாயித்துக்கெழம அதுல இட்லி சுடுவேன்."

பாத்ரூம் கட்டுவதற்காக ஆறு மாதமாகக் கொட்டி வைத்திருக்கிற மணல். மேலே முருங்கை நிழல். பக்கத்திலேயே நாங்கள் துணி துவைக்கும் தண்ணீர் ஓடும் வாய்க்கால். ஈரம், நிழல் — டாக்டர் சொன்ன ரெண்டும்.

"அந்த மண்ணுல நாய் வருமா?"

"சுறா வராது. அம்மா கல்லால அடிக்கும். பட்டுதான் வரும். அங்கதான் ஆய் போவும். மூடி மூடி வெச்சிடும். நான் தோண்டிக் கண்டுபுடிப்பேன்!"

பெருமையாகச் சொல்கிறது குழந்தை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "பட்டுன்றது?"

"பூனை" என்றேன். நான் மூன்று நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த சொல்.

"பூனைக்கு மாத்திரை குடுத்திருக்கீங்களா?"

"அது... ரொம்ப சுத்தமான பூனை மேடம். மூடிட்டுத்தான் வரும்."

"மூடிட்டு வந்தா முட்டை செத்துடுமா? வெயில் படாம பத்திரமா இருக்கும்! பன்னிரண்டு மணிக்குள்ள அதோட கழிவு கொஞ்சம் கொண்டு வாங்க."

ஊறுகாய் டப்பாவில் பூனைக் கழிவை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். டாக்டரம்மா என்னையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். மெல்லிய ஓட்டுக்குள் உருண்டை உருண்டையாக... ஒன்றல்ல, ரெண்டல்ல. எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

"நீங்கதானே அந்தப் பத்தி எழுதறவங்க?" என்றார் டாக்டரம்மா திடீரென்று. "போன வாரம்கூட 'பிள்ளைகளுக்காக நேரம் ஒதுக்குங்கள்'னு எழுதியிருந்தீங்க. நல்லா இருந்துச்சு."

அந்தக் கட்டுரையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதினேன். 'தொந்தரவு பண்ணாம மண்ணுல போய் விளையாடுடி' என்று ஹர்ஷினியைப் பின்பக்கம் அனுப்பிவிட்டுத்தான் எழுதினேன்.

டாக்டரம்மா விடாமல் சொல்லி அனுப்பினார் — மணலை வாரிக் கொட்டிவிட்டு, புதிதாக எது கொட்டினாலும் தார்ப்பாய் போட்டு மூடவேண்டும். நாயோ பூனையோ, மாத்திரை தவறக்கூடாது. குழந்தை செருப்பில்லாமல் மண்ணில் இறங்கக்கூடாது. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். சுகந்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவள் வீட்டில் இதெல்லாம் ஏற்கெனவே நடக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து பட்டுவுக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். முழங்கை வரைக்கும் கீறியது. சுகந்தி மத்தி மீன் துண்டுக்குள் மாத்திரையைத் திணித்து நீட்டினாள். நல்ல பிள்ளையாக வாங்கிச் சாப்பிட்டது. துரோகி!

ஆனால் சுறா இன்னும் தப்பவில்லை. ஊர் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் வேலு படகை எடுத்தாகவேண்டும். சுகந்தி சொன்னால் தன் நாய்க்காகச் சொல்கிறாள் என்பார்கள். பேசவேண்டியது நான்.

ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் குழாயடிக்குப் போனேன். சுகந்தி வரிசையில் நாலாவதாக நின்றாள். அவள் கண்ணைப் பார்க்காமல், குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னேன்.

"டாக்டரு நாய்னு மட்டும் சொல்லல. நாய், பூனைனு சொன்னாரு. பூனைய நான்தான் சொல்லாம வுட்டுட்டேன். என் பூனை வயித்துல புழு. என் வூட்டு மண்ணுலதான் புள்ளைக்கு ஏறியிருக்குது. சுறா மேல தப்பில்ல."

"ஏன் சொல்லாம வுட்ட?" என்றாள் ஒருத்தி.

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பொறாமைதான். இவ மேல."

குழாயடியில் இருந்த குடம் நிரம்பி வழிந்தது. அப்புறம் ஒரு கிழவி, "அட எழவே, போய் வேலுகிட்ட சொல்லுங்கடி, படகு கெளம்பிடப்போவுது" என்று கத்த, ரெண்டு பெண்கள் கரைக்கு ஓடினார்கள். சுறா படகில் ஏறி, ஏதோ சவாரி என்று நினைத்து வாலாட்டிக்கொண்டு நின்றதாம். இறக்கிவிட்டார்கள்.

சுகந்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே போனேன். வீட்டு வாசலில் குடத்தை இறக்கிவிட்டுத் திரும்பினாள். அழுதுகொண்டிருந்தாள்.

"நாய்கூட போனா போவுதுக்கா. மூணு நாளா புள்ளய என் வூட்டுக்கு அனுப்பல பாரு... அதான் எனக்குத் தாங்கல."

"தப்புதான் சுகந்தி. மன்னிச்சிடு. நாளைக்கே அனுப்பறேன்."

"உனக்கு மட்டும்தான் பொறாமைனு நெனச்சினு கீறியா?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாயந்திரம் ஆறு அடிச்சா போதும், உன் பொண்ணு ரோட்டாண்ட போய் நின்னுக்கும். நண்டு ஒடச்சு வெச்சாகூட வராது. 'அம்மா பஸ்ஸு வர்ற நேரம் சித்தி'னும். பஸ்ஸு திரும்பறது தெரிஞ்சா உள்ள ஓடியாந்து புக்க தொறந்து வெச்சுக்கும், தெருவுல நின்னா நீ திட்டுவியாம். பகல் பூரா நான் பாக்கறேன். ஒரு நாளாவது எனக்காக அப்டி நின்னுச்சா? எனக்கு இன்னாமா வயிறு எரியும் தெரியுமா?"

நான் அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னேன். ஹர்ஷினி காலில் கோடு மங்கிவிட்டது. மணல் மேடு போய்விட்டது. திங்கட்கிழமையிலிருந்து குழந்தை பழையபடி சித்தி வீட்டில்.

எல்லாம் சரி. ஆனால் சுகந்தி என் தோளில் சாய்ந்து அழும்போது எனக்குள் எப்படி இருந்தது தெரியுமா? குளுகுளுவென்று இருந்தது. நான் திருந்துகிற ஜென்மம் இல்லை.